தவப் பூனை: ஒரு பொய் வேடத்தின் வரலாறு

தவம் செய்யும் பூனை இந்தியக் கதைமரபின் மிகப் பழைய வேடதாரிகளுள் ஒன்று. ஆற்றங்கரையில் ஒற்றைக் காலில் நின்று, முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கி, கண்ணை மூடியபடி அது விரதம் காக்கிறது. எலிகள் அதை மகான் என்று நம்பி நெருங்குகின்றன. நெருங்கியவை திரும்புவதில்லை. இந்தச் சிறு கதை மகாபாரதத்தில் உண்டு, பௌத்த ஜாதகத்தில் உண்டு, மனுவின் சட்டநூலில் ஒரு குற்றத்தின் பெயராகவே உண்டு. மாமல்லபுரத்துச் சிற்பிகள் அதைப் பாறையில் செதுக்கினார்கள். பஞ்சதந்திரத்தோடு கிளம்பிப் பாரசீகமும் அரபு நாடும் கடந்து பிரான்ஸ் வரை போய்ச் சேர்ந்ததும் அதே பூனைதான். தமிழ்ப் பேச்சில் அது உருத்திராட்சப் பூனையாக இன்றும் உலவுகிறது.

தோற்றம் வேறு, உள்ளம் வேறு என்பதைக் காட்ட எத்தனையோ விலங்குகள் இருக்கப் பூனையும் கொக்கும் இந்த வேடத்துக்கு வாய்த்ததற்குக் காரணம் அவற்றின் இயல்பிலேயே இருக்கிறது. எலிவளையின் முன் பூனை நாழிகைக் கணக்கில் அசையாமல் உட்காரும். கண் பாதி மூடியிருக்கும். நடந்தால் ஓசை எழாது. நகம் உறைக்குள் மறைந்திருப்பதால் பாதம் மெத்தென்று தெரியும். ஓயாமல் உடம்பை நக்கித் தூய்மை செய்துகொள்ளும். கொக்கோ ஒற்றைக் காலில், தலை தாழ்த்தி, நீரில் நிற்கும். அசையாமை, ஓரடி நிலை, தாழ்ந்த பார்வை, தூய்மை, நீர்க்கரை வாசம் ஆகிய ஐந்தும் தவசிக்குச் சொல்லப்பட்ட புற அடையாளங்கள். வேட்டைக்காரனின் பொறுமையும் துறவியின் பொறுமையும் வெளியில் ஒன்றுபோலவே இருக்கும் என்ற கூர்மையான கவனிப்பிலிருந்து இந்தப் படிமம் பிறந்தது. பூனை எதையும் நடிக்கவில்லை. அதன் இயல்பான நிலையை மனிதக் கண் தவமாகப் படித்தது. கதை சொன்னவர்கள் அந்தத் தவறான படிப்பைப் பூனையின் சூழ்ச்சியாக மாற்றினார்கள்.

மகாபாரதத்தில் இக்கதை வரும் இடம் உத்தியோக பருவத்தின் இறுதிப் பகுதி. குருட்சேத்திரத்தில் இரு படைகளும் பாசறை இறங்கிவிட்டன. சகுனியின் மகன் உலூகனைத் தூதனுப்பும் துரியோதனன், தருமனிடம் சொல்லவேண்டிய கதையாக இதைச் சொல்கிறான். தன் தந்தைக்கு நாரதர் சொன்ன கதை என்று முகவுரையும் வைக்கிறான். கங்கைக் கரையில் ஒரு பூனை எல்லாத் தொழிலையும் விட்டுக் கைகளை உயர்த்தி நிற்கிறது. நெடுநாள் பார்த்த பறவைகள் முதலில் நம்பிப் போற்றுகின்றன. பிறகு எலிகள் கூடிப் பேசுகின்றன: நமக்குப் பகைவர் பலர், இவரை நம் தாய்மாமனாக வரித்துக்கொள்வோம், கிழவரையும் குஞ்சுகளையும் இவர் காக்கட்டும். தவத்தையும் காவலையும் ஒருங்கே செய்வது கடினம் என்று பூனை தயங்குவதுபோல் தயங்குகிறது. விரதத்தால் உடல் தளர்ந்துவிட்டதால் தன்னை நாள்தோறும் ஆற்றங்கரைக்குக் கொண்டு செல்லவேண்டும் என்று மட்டும் கேட்கிறது. எலிகள் சம்மதிக்கின்றன. நாளுக்கு நாள் பூனை கொழுக்கிறது, எலிக்கூட்டம் இளைக்கிறது. மாமனோடு தான் தனியே போய்ப் பார்ப்பதாகச் சொன்ன டிண்டிகன் என்ற எலியும் திரும்பவில்லை. அப்போது ஒரு கிழ எலி வாய் திறக்கிறது. கிழங்கும் கனியும் தின்பவனின் மலத்தில் மயிர் இருக்காது. இவர் மலத்தில் இருக்கிறது. இவர் உடம்பு பெருக்கிறது, நம் கூட்டம் குறைகிறது. டிண்டிகனைக் கண்டு ஏழெட்டு நாள் ஆயிற்று. எலிகள் சிதறி ஓடுகின்றன, பூனை வந்த வழியே போகிறது.

கிழ எலியின் பேச்சில் பூனையின் நிலை, முகம், கை, விரதம் எதைப்பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அது பார்த்தது கழிவையும் கணக்கையும். வேடத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதில் பிழை தெரியாது, ஏனென்றால் வேடம் பிழையில்லாமல் போடப்பட்டிருக்கிறது. அது விட்டுச்செல்லும் தடயத்தில்தான் உண்மை இருக்கிறது. இந்தியக் கதைமரபு இந்த இடத்தில் வந்தடைந்த முதிர்ச்சி வியக்கத்தக்கது. கதையைச் சொல்பவன் யார் என்பதும் எண்ணத்தக்கது. தருமனைப் பூனை என்று பழிக்கிறவன், பங்காளிகளைச் சூதில் வென்று காட்டுக்கு அனுப்பியவன். பொய் வேடத்தை அம்பலப்படுத்தும் கதையே ஒரு பொய்க் குற்றச்சாட்டுக்குக் கருவியாகலாம் என்பதையும் காவியம் இங்கே பதிவு செய்துவிடுகிறது.

பாலி மொழி ஜாதகத் தொகுப்பில் 128ஆவது கதை இதன் உடன்பிறப்பு. அதன் தலைப்பும் பாட்டும் பூனை விரதத்தைப் பேசுகின்றன. ஆனால் பாட்டைச் சுற்றியுள்ள உரைநடைக் கதையில் வருவது நரி. பாட்டு பழையது, உரைநடை பிற்பட்டது என்பதால், பூனைக் கதையே முந்தியது என்று கொள்ள இடமிருக்கிறது. அந்த நரி ஒற்றைக் காலில் நிற்பதற்குக் காரணம் சொல்கிறது: நான்கு காலையும் ஊன்றினால் என் பாரத்தைப் பூமி தாங்காது. வாயைத் திறந்து வைத்திருப்பது காற்றை மட்டுமே உண்பதால். முகத்தைக் கதிரவன் பக்கம் திருப்பியிருப்பது வழிபாட்டுக்காக. தினமும் வணங்கிவிட்டு வரிசையாகத் திரும்பும் எலிகளில் கடைசி எலியை அது பிடித்துத் தின்கிறது. எலிகளின் தலைவனாகப் பிறந்திருந்த போதிசத்துவர் வளையில் இடம் காலியாகிக்கொண்டே வருவதைக் கவனிக்கிறார். ஒருநாள் தாமே வரிசையின் கடைசியில் நடந்து, பாய்ந்த நரியின் தொண்டையைக் கடிக்கிறார். சோதனைக்குத் தன்னையே வைப்பது இக்கதையின் தனிச்சிறப்பு. மகாபாரதத்து டிண்டிகன் செய்ய முயன்று மாண்டதை இங்கே தலைவன் செய்து முடிக்கிறான். அடுத்த கதையான 129ஆவதும் இதே அமைப்புதான்: காட்டுத்தீயில் மயிரெல்லாம் கருகி உச்சியில் மட்டும் குடுமி மிஞ்சிய நரி, தன்னைத் தீ வளர்க்கும் அந்தணனாகச் சொல்லிக்கொள்கிறது.

கல்லில் ஏறிய முதல் வஞ்சகப் பூனைகளுள் ஒன்று மத்தியப் பிரதேசத்துப் பார்ஹுத் தூபியின் வேலியில் இருக்கிறது. 1873இல் அலெக்சாண்டர் கன்னிங்காம் கண்டெடுத்த அந்த வேலியின் பெரும்பகுதி இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் மரத்தின் மேல் ஒரு சேவல், அடியில் நிமிர்ந்து பார்க்கும் பூனை. பக்கத்தில் பிராமி எழுத்தில் பெயர்க் குறிப்பு. பெண்பூனை சேவலிடம் உன்னை மணந்துகொள்கிறேன் என்று ஆசைகாட்டும் ஜாதகக் கதை அது. இங்கே முகமூடி தவம் அல்ல, காதல். சேவல் மயங்கவில்லை.

மனுவின் நூலில் பூனை கதையை விட்டு வெளியேறிச் சட்டத்துக்குள் நுழைகிறது. அதன் நான்காம் அத்தியாயம் பூனை விரதம் பூண்டோர், கொக்கு விரதம் பூண்டோர் என இருவகைப் போலிகளை வரையறுக்கிறது. தருமத்தைக் கொடியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே பேராசையும் வஞ்சமும் கொண்டு, உயிர்களுக்குத் தீங்கு செய்து திரிபவன் பூனை விரதத்தான். பார்வையைத் தாழ்த்திப் பணிவு காட்டி, தன் காரியத்திலேயே குறியாக இருக்கும் கொடியவன் கொக்கு விரதத்தான். இப்படிப்பட்டவன் அந்தணனே ஆனாலும் அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்பது விதி. செய்த பாவத்தை விரதத்தால் மூடக்கூடாது, தனக்குரியதல்லாத ஆசிரமத்தின் சின்னங்களை அணிந்து பிழைப்பவன் அந்த ஆசிரமத்தாரின் பாவங்களையும் சுமப்பான் என்றும் நூல் எச்சரிக்கிறது. ஒரு சமூகம் போலித் துறவியை வகைப்படுத்தித் தண்டனை எழுதும் அளவுக்கு வந்துவிட்டது என்றால், அப்படிப்பட்டவர்கள் தெருவில் நடமாடியிருக்கவேண்டும். துறவிக்குச் சோறும் வணக்கமும் தடையில்லாத வழியும் கிடைத்த நாட்டில் அந்த வேடத்துக்கு மதிப்பு இருந்தது. மதிப்புள்ள நாணயத்துக்குத்தான் கள்ள அச்சு அடிக்கப்படும்.

அந்த மதிப்பை அரசும் பயன்படுத்திக்கொண்டது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முதல் பகுதியில் ஒற்றர் வகைகளைச் சொல்லும்போது, தவசி வேட ஒற்றனுக்கு ஒரு முழுத் திட்டமே தருகிறது. அவன் தலையை மழித்திருக்கலாம், சடை வளர்த்திருக்கலாம். நகருக்கு அருகே சீடர் கூட்டத்தோடு தங்கவேண்டும். ஊர் பார்க்க, மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ ஒரு பிடி கீரையோ வாற்கோதுமையோ மட்டும் உண்ணவேண்டும். யாரும் காணாதபோது வேண்டியதை உண்ணலாம். வணிகர் வேடத்தில் இருக்கும் கையாட்கள் அவனை வந்து வழிபட்டு அவன் புகழைப் பரப்பவேண்டும். அவன் சொல்லும் வருங்காலம் பலிக்கும்படி மற்றவர்கள் ஏற்பாடு செய்வார்கள். கங்கைக் கரைப் பூனை தன் தேவைக்காகச் செய்ததை இங்கே அரசாங்கம் சம்பளம் கொடுத்துச் செய்விக்கிறது.

திருக்குறள் இந்த இரண்டு பக்கங்களையும் ஒரே நூலுக்குள் வைத்திருப்பது ஆழ்ந்து படிக்கத்தக்கது. துறவறவியலில் வரும் 28ஆம் அதிகாரமான கூடாவொழுக்கம் முழுவதும் தவ வேடத்தில் மறைந்து தீமை செய்பவனைப் பற்றியது. அங்கே பூனையும் இல்லை, கொக்கும் இல்லை. வள்ளுவர் வேறு படிமங்களை எடுக்கிறார். புதரில் ஒளிந்து பறவைக்கு வலை விரிக்கும் வேடன், புலித்தோல் போர்த்துப் பயிரை மேயும் பசு, ஒரு பக்கம் செக்கச்செவேலென்றும் மூக்கில் கறுத்தும் இருக்கும் குன்றிமணி, நேராக இருந்தும் கொல்லும் அம்பு, வளைந்திருந்தும் இனிமை தரும் யாழ். பேச்சு வழக்கில் உள்ள பசுத்தோல் போர்த்திய புலிக்கு நேர்மாறானது குறளின் பசு. மனத்தை அடக்கும் வலிமை இல்லாதவன் வலிமை உள்ளவன்போல் காட்டிக்கொண்டு திருட்டுத்தனமாக மேய்கிறான் என்பது அங்கே கருத்து. வஞ்சகனைக் கொடியவனாக மட்டும் பாராமல் முதலில் பலவீனனாகப் பார்க்கும் இந்தக் கோணம் வடமொழிப் பூனைக் கதைகளில் இல்லாதது. அம்பும் யாழும் காட்டும் அளவுகோலும் கிழ எலியின் அளவுகோலுக்கு நெருக்கமானது: வடிவத்தைப் பாராதே, வினையைப் பார். மழித்தலும் நீட்டலும் வேண்டியதில்லை என்ற முடிவோடு அதிகாரம் நிறைகிறது.

ஆனால் பொருட்பாலுக்குப் போனால், ஒற்றாடல் அதிகாரத்தில் அதே வள்ளுவர், ஒற்றன் துறவியர் கோலத்தில் போய் ஆராயவேண்டும், என்ன செய்தாலும் தளரக்கூடாது என்கிறார். அறத்துப்பாலில் பழிக்கப்பட்ட வேடம் பொருட்பாலில் கடமையாகிறது. மனு போலித் துறவிக்கு அடையாளமாக்கிய கொக்கும், குறளின் காலமறிதல் அதிகாரத்தில் வேந்தன் பின்பற்றவேண்டிய பொறுமைக்கு உவமையாகிறது. ஒரு படிமத்துக்கு நிலையான பொருள் ஒன்று கிடையாது. அதை வைக்கும் இடமே அதற்குப் பொருள் தருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பஞ்சதந்திரத்தின் மூன்றாம் தந்திரமான காகமும் ஆந்தையும் பற்றிய பகுதியில் பூனை நீதிபதியாகிறது. ஒரு பொந்து யாருக்கு என்று கௌதாரிக்கும் முயலுக்கும் வழக்கு. ஆற்றங்கரையில் தருப்பைப் புல்லோடு, கதிரவனை நோக்கிக் கை உயர்த்தி, உலக நிலையாமையை ஓதிக்கொண்டு நிற்கும் பூனையிடம் போகிறார்கள். இயல்பில் இது நமக்குப் பகை, தூரத்தில் நின்றே பேசுவோம் என்றுதான் முதலில் எண்ணுகிறார்கள். பூனை கொல்லாமையைப்பற்றி நீண்ட உரை நிகழ்த்துகிறது. பிறகு, முதுமையால் காது மந்தம், கிட்டே வந்து சொல்லுங்கள் என்கிறது. ஒன்றைக் காலாலும் மற்றதைப் பல்லாலும் பிடிக்கிறது. எலிக்கதையில் இருந்த மெதுவான சுரண்டல் இங்கே இல்லை. தடயம் சேரவும் நேரமில்லை. இந்தக் கதையில் தப்பிக்கும் வழி ஒன்றே: பூனை பேசத் தொடங்குவதற்கு முன் இருந்த தூரத்தைக் கைவிடாதிருப்பது.

இத்தனை நூல்களின் பூனையும் வந்து நின்ற இடம் பல்லவரின் மாமல்லபுரம். ஏறத்தாழ 29 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் கொண்ட பாறைச் சிற்பத் தொகுதி அது. பக்கம் பக்கமாக இருக்கும் இரு பெரும்பாறைகள், நடுவில் இயற்கையான பிளவு, பிளவில் மேலேறும் நாகர்கள், இருபுறமும் தேவரும் கந்தருவரும் முனிவரும் வேடரும் விலங்குகளுமாக நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இதைப் பெரும்பாலோர் மாமல்லன் என்ற பட்டம் கொண்ட முதலாம் நரசிம்மவர்மன் காலத்துடன் இணைக்கிறார்கள். 1984 முதல் மாமல்லபுரத்துச் சின்னங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளன. பிளவுக்கு இடப்பக்கம், மேல்பகுதியில், விலா எலும்பு தெரிய மெலிந்த ஒரு தவசி ஒற்றைக் காலில் நின்று இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தியிருக்கிறார். அவர் முன்னே நான்கு கைகளோடு சிவபெருமான் வரம் தரும் நிலையில் நிற்கிறார். வலப்பக்கப் பாறையின் அடியில் உயிரளவான யானைகள், அவற்றின் காலடியில் கன்றுகள். அந்தப் பெரிய யானைக்கு அருகே, பார்வை எளிதில் தாண்டிப்போகும் உயரத்தில், பின்காலில் நிமிர்ந்து முன்கால்களை உயர்த்திய பூனை நிற்கிறது; சுற்றிலும் எலிகள்.

சிற்பத்தின் பொருள்பற்றி நூறாண்டுக்கு மேலாக வாதம் நடக்கிறது. மக்கள் வழக்கில் அது அருச்சுனன் தபசு. பாசுபத அத்திரம் வேண்டி அருச்சுனன் செய்த தவத்தின் காட்சி என்பது ஒரு தரப்பு. 1914இல் ஆய்வாளர் விக்டர் கொலூபெவ் அதைக் கங்கை இறங்கிய காட்சி என்றும், தவசி பகீரதன் என்றும் எழுதினார். நடுப்பிளவும், மேலே நீர் தேக்குவதற்கான அமைப்பின் சுவடுகளும் அவருக்குச் சான்று. டி. என். இராமச்சந்திரன் 1950களின் தொடக்கத்தில் பாரவியின் கிராதார்ச்சுனீயத்தோடு ஒப்பிட்டு அருச்சுனன் தரப்பை வலுப்படுத்தினார். பிற்கால ஆய்வாளர்களில் மைக்கேல் ராபே, பத்மா கைமல் போன்றோர், இரண்டு பொருளும் தொனிக்கவேண்டும் என்றே சிற்பம் அமைக்கப்பட்டது என்று கருதினார்கள். சிலேடையைக் கொண்டாடிய பல்லவ அவைக்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. பூனை எத்தரப்புக்கும் உரியது என்பது இதில் கவனிக்கவேண்டியது. கதைப்பூனை நின்றது கங்கைக் கரையில். ஆகவே பகீரதன் காட்சியில் அதற்கு இடமுண்டு. கதை சொல்லப்பட்டது அருச்சுனனின் அண்ணனைப் பழிக்க. ஆகவே அருச்சுனன் காட்சியிலும் இடமுண்டு.

அருச்சுனன் கதையாகக் கொண்டால் தோற்றமும் உண்மையும் என்ற பொருள் இன்னும் ஆழமாகிறது. அந்தக் கதையில் அருச்சுனனை எதிர்கொள்பவர் ஒருவர்கூடத் தம் உருவில் வருவதில்லை. பன்றியாக வருபவன் மூகன் என்ற அசுரன். வேடனாக, கையில் வில்லோடு வந்து சண்டையிடுபவர் சிவன். கிராதார்ச்சுனீயத்தில் கிழ முனிவராக வந்து, வீடுபேற்றுக்குத் தவம் செய்பவனுக்கு வில்லும் கவசமும் எதற்கு என்று கேட்பவன் இந்திரன். அந்தக் கேள்வி அருச்சுனனைத்தான் பூனையின் பக்கத்தில் நிறுத்துகிறது. அவன் தவம் கொல்லும் கருவிக்கான தவம். அதை அவன் மறைக்கவில்லை என்பதே வேறுபாடு. அதே அருச்சுனன், சுபத்திரையை அடைய முக்கோல் ஏந்திய துறவி வேடத்தில் துவாரகைக்குப் போனதைப் பாகவதம் சொல்கிறது. மெய்த்தவசியும் பொய்த்தவசியும் ஒரே ஆளின் வாழ்க்கையில் வந்துபோகும் நிலைகளாகவும் இருந்தன.

சிற்பி பூனையைச் செதுக்கியது தவத்தை இழிவுபடுத்த அல்ல. மேலே நிற்கும் மெலிந்த உருவம் முழுப் பற்றோடு செதுக்கப்பட்டது. சிவன் அதற்கு முன்னே நிற்கிறார். அதே நிலையைக் கீழே, சிறிய அளவில், மறுபடியும் செதுக்கியதன் மூலம் சிற்பி பார்ப்பவரின் கண்ணுக்கு ஒரு வேலை கொடுக்கிறான். இரண்டு உருவத்திலும் உயர்த்திய கைகளின் நிலை ஒன்றே. வேறுபாடு அந்த உருவங்களின் எதிரே யார் நிற்கிறார் என்பதில் இருக்கிறது: ஒன்றின் எதிரே கடவுள், மற்றதன் எதிரே எலிகள்.

இந்தக் கூர்மைக்கு அரண்மனையிலேயே முன்னோடி உண்டு. நரசிம்மவர்மனின் தந்தை முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சித் தெருவில் நடக்கும் நாடகம். கபாலத்தைத் தொலைத்த காபாலிகன், ஆடைக்குள் பாத்திரத்தை மறைத்துச் செல்லும் பௌத்தத் துறவியைத் திருடன் என்று பிடிக்கிறான். அந்தத் துறவியோ, கள்ளையும் பெண்ணையும் புத்தர் விலக்கியிருக்க மாட்டார், மூல நூலை முதியவர்கள் மறைத்துவிட்டார்கள் என்று தனக்குள் ஏங்குகிறான். கபாலத்தை எடுத்துப்போனது ஒரு நாய். அதை மீட்டுவைத்திருப்பவன் ஒரு பித்தன். கோலம் பூண்டவர்கள் சச்சரவிட, எந்தக் கோலமும் இல்லாத பித்தன் கையில் பொருள் இருக்கிறது. தந்தை மேடையில் காட்டியதை மகன் காலத்துச் சிற்பி பாறையில் காட்டினான் என்று சொன்னால் மிகையாகாது.

தடயத்தின் மேல் வைத்த நம்பிக்கையும் பின்னாளில் சோதனைக்கு உள்ளாயிற்று. வங்கத்தில் நாராயணர் தொகுத்த இதோபதேசத்தில், கங்கைக் கரை மரப்பொந்தில் கண் தெரியாத கிழக் கழுகு ஒன்று இருக்கிறது. பறவைகள் தம் இரையில் பங்கு தந்து குஞ்சுகளை அதன் காவலில் விட்டுச் செல்கின்றன. தீர்க்ககர்ணன் என்ற பூனை வருகிறது. நாள்தோறும் கங்கையில் நீராடி, ஊன் ஒழித்து, சாந்திராயண விரதம் இருப்பதாகவும், கழுகின் அற அறிவைக் கேள்விப்பட்டுப் பாடம் கேட்க வந்ததாகவும் சொல்லிப் பொந்தில் இடம் பிடிக்கிறது. குஞ்சுகளைத் தின்று எலும்புகளைப் பொந்திலேயே போடுகிறது. பறவைகள் தேடத் தொடங்கியதும் நழுவிவிடுகிறது. எலும்பைக் கண்ட பறவைகள் கழுகே தின்றது என்று முடிவுகட்டிக் கொன்றுவிடுகின்றன. மகாபாரதத்தில் கழிவு உண்மையைச் சொன்னது. இங்கே எலும்பு பொய் சொல்கிறது. பிணம் தின்னும் கோரப் பறவைதான் மெய்யான காவலன் என்பதையும், அந்த உருவமே அதன் மேல் பழி விழுவதை எளிதாக்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பூனைக் கதைகள் எல்லாவற்றிலும் இதுவே மிகத் துயரமானது.

தமிழ்ச் சைவம் இந்தக் கேள்விக்கு முற்றிலும் வேறான விடை தந்தது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், திருக்கோவலூர் அரசர் மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், உடலெங்கும் நீறு பூசி, சடைமுடி கட்டி, சுவடிக்கட்டுக்குள் கத்தியை மறைத்து வருகிறான். சிவன் அருளிய ஆகம நூல் என்று சொல்லித் தனிமையில் அரசரைக் கீழே அமரவைத்து, அவர் வணங்கும்போது குத்துகிறான். மெய்க்காவலன் தத்தன் வாளோடு பாய, அரசர் தடுத்து, வந்தவர் நம்மவர், ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடு என்கிறார். அவனைப் பத்திரமாக விட்டுவந்த செய்தி சேரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஏனாதிநாதர் கதையும் இதே வழி. போட்டியாளன் அதிசூரன் நெற்றியில் நீறு பூசிக் கேடயத்தால் மறைத்து வந்து, நெருங்கியதும் கேடயத்தை விலக்குகிறான். நீற்றைக் கண்ட ஏனாதிநாதர் போரிட மறுக்கிறார். ஆயுதமில்லாதவனைக் கொன்ற பழி அவனுக்கு வரக்கூடாது என்பதற்காக வாளை மட்டும் கீழே போடாமல் நிற்கிறார்.

இவர்கள் கிழ எலி கற்ற பாடத்தைக் கல்லாதவர்கள் அல்லர். வேடத்தை வணங்கும்போது அவர்கள் வணங்கியது அணிந்தவனை அல்ல. அந்த நீறும் சடையும் யாருடையவோ அவரை. வஞ்சகனுக்காக அடையாளத்தின் மதிப்பைக் குறைத்தால் வஞ்சகன் இரண்டு முறை வென்றவனாவான் என்பது இந்தப் பக்தியின் உட்பொருள். எலிகளின் அறிவு உயிரைக் காக்கும் அறிவு. நாயன்மாரின் நிலை உயிரைவிட ஒன்றைப் பெரிதாகக் கொண்ட நிலை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது இரண்டுக்கும் நியாயமாகாது.

மேற்கே போன பூனை வழியெல்லாம் வேடத்தை மாற்றிக்கொண்டது. 6ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசர் குஸ்ரோ அனுஷிர்வான் காலத்தில் புர்சோய் என்ற மருத்துவர் பஞ்சதந்திரத்தைப் பகலவி மொழிக்குக் கொண்டுபோனார். 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அதை அரபியில் கலீலா வ திம்னா ஆக்கினார். அங்கே பூனைக்குத் தருப்பையும் இல்லை, உயர்த்திய கையும் இல்லை. பகலில் நோன்பு, இரவில் தொழுகை. உபைது சாக்கானியின் பெயரில் வழங்கும் 14ஆம் நூற்றாண்டுப் பாரசீகப் பாடலான எலியும் பூனையும் என்பதில், கெர்மான் நகரப் பூனை ஓர் எலியைக் கொன்றபின் பள்ளிவாசலில் அழுது பாவமன்னிப்புக் கேட்கிறது. மகிழ்ந்த எலிகள் காணிக்கைத் தட்டுகளோடு வருகின்றன. 1678இல் லா ஃபோந்தேன் வெளியிட்ட கதைத் தொகுதியில் மரநாய்க்கும் முயலுக்கும் வழக்குத் தீர்க்கும் ராமினக்ரோபி, கொழுத்து மென்மயிர் போர்த்த பக்திமான் பூனை. அந்தத் தொகுதியின் முன்னுரையில் இந்திய ஞானி பில்பாயிக்குக் கடன்பட்டதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

ஐரோப்பாவுக்குச் சொந்தமான வேடதாரிகளும் உண்டு. ஈசாப்பின் பூனை மருத்துவனாகக் கோழிகளை நலம் விசாரிக்கிறது. இன்னொரு கதையில் ஆணியில் தொங்கிச் செத்ததுபோல் நடிக்கிறது. தவம் மட்டும் செய்வதில்லை. மத்தேயு நற்செய்தி ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய்களாகக் கள்ளத் தீர்க்கதரிசிகளைச் சொல்லி, கனிகளால் அவர்களை அறியச் சொல்கிறது. இங்கிலாந்தின் ரிப்பன் பேராலயத்தில் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் செதுக்கிய மர இருக்கைகளில் நரி பிரசங்க மேடையேறிப் பறவைகளுக்கு உபதேசிக்கிறது. ஜெர்மானிய அறிஞர் தியடோர் பென்ஃபை 1859இல் பஞ்சதந்திரத்தை மொழிபெயர்த்தபோது ஐரோப்பியக் கதைகளில் மிகப் பலவற்றுக்கு இந்தியாவே தாய் என்று வாதிட்டார். கார்ல் யுங்கின் வழிவந்தவர்களோ, ஊருக்கு வெளியே காட்டும் முகமும் உள்ளே மறையும் நிழலும் எல்லா மனத்திலும் உண்டு, ஆகவே வேடதாரி எங்கும் தானே முளைக்கும் ஆழ்படிமம் என்றார்கள். பூனைக் கதையின் வரலாறு இரண்டுக்கும் இடம் தருகிறது. வஞ்சகன் வேடம் போடுவான் என்பது எங்கும் முளைத்த எண்ணம். எந்த வேடம் என்பதை அந்தந்தச் சமூகம் எதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியதோ அது முடிவு செய்தது. தவத்தை மதித்த நாட்டில் தவம், தொழுகையை மதித்த நாட்டில் தொழுகை, பிரசங்கத்தை மதித்த நாட்டில் பிரசங்க மேடை. ஒரு காலத்தின் போலி எந்த உடையில் வந்தான் என்று தெரிந்தால் அந்தக் காலம் எதற்குத் தலைவணங்கியது என்பதும் தெரிந்துவிடும்.

19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் தவப் பூனை கடைத்தெருவுக்கு வந்தது. காளிகாட் கோயிலைச் சுற்றியிருந்த பட்டுவா எனப்படும் ஓவியர்கள், யாத்திரிகர்களுக்கு விற்க மலிவான தாளில் வேகமான தூரிகையால் வரைந்த படங்களில், வைணவத் திலகம் தரித்து, வாயில் மீனோ இறாலோ கவ்விய பூனை பெரிதும் விரும்பி வாங்கப்பட்டது. புலால் மறுத்ததாகச் சொல்லிக்கொண்டே அதை உண்ணும் போலி வைணவரை வங்கத்தார் அதில் கண்டார்கள். அதே ஓவியர்கள் 1873இன் தாரகேசுவர வழக்கையும் படம் படமாக வரைந்தார்கள். ஹூக்ளி மாவட்டத்துப் புகழ்பெற்ற சிவன் கோயிலின் மகந்து மாதவசந்திர கிரிக்கும் எலோகேசி என்ற இளம்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு வெளியாகி, கணவன் நவீன் அவளை வெட்டிக் கொன்றான். நீதிமன்றம் மகந்துக்கும் சிறைத்தண்டனை விதித்தது. மடத்துத் தலைவர் சிறைக்குப் போன செய்தி வங்கம் முழுவதும் நாடகமாகவும் படமாகவும் பரவியது. வெட்டுப்பட்டுச் செத்தவள் எலோகேசி என்பதையும் அந்தப் படங்கள் மறைக்கவில்லை.

காளிகாட் பூனை பழைய பூனையிலிருந்து ஓரிடத்தில் மாறுகிறது. அதைச் சுற்றி எலிகள் இல்லை. ஏமாறுவதற்கு ஆளில்லாத படம் அது. திலகமும் இறாலும் ஒரே முகத்தில், ஒரே பார்வையில் தெரிகின்றன. கிழ எலி நாள்கணக்கில் சேர்த்த சான்றை ஓவியன் ஒரே தாளில் வைத்துவிடுகிறான். 20ஆம் நூற்றாண்டில் ஜாமினி ராய் காளிகாட் மரபிலிருந்து கற்ற தடித்த கோடுகளால் பெரிய இறாலைக் கவ்விய பூனைகளைப் பலமுறை வரைந்தார். அவர் பூனைகள் அகன்ற கண்களால் பார்ப்பவரை நேராகவே பார்க்கின்றன.